கத்தி எடுக்கும் முன்: பித்தநாளப் புற்றுநோய், அன்றும் இன்றும்

அறுபது வயதைத் தொட்ட ஒருவருக்கு வலியே இல்லாமல் காமாலை வருகிறது. கண் மஞ்சளாகிறது, சிறுநீர் அடர்ந்து போகிறது, மலம் வெளுக்கிறது, உடம்பெல்லாம் அரிப்பு. 1960-களின் தொடக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேன் கிடையாது. ரத்தப் பரிசோதனை அடைப்பு இருக்கலாம் என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. திறந்துதான் பார்க்க வேண்டும் என்று அறுவை மருத்துவர் வயிற்றைத் திறப்பார். பித்தப்பை சுருங்கிக் கிடக்கும். குடலை நோக்கி இறங்கும் பொதுப் பித்தநாளம் மெலிந்து வெறுமையாக இருக்கும். கல் இல்லை, கட்டி தட்டுப்படவில்லை. அடைப்பு என்றால் நாளம் உப்பியிருக்க வேண்டுமே? அப்படியானால் இது கல்லீரல் அழற்சிதான் என்று முடிவுகட்டி வயிற்றைத் தைத்துவிட்டவர்கள் உண்டு. கட்டியோ அவர்கள் விரல் தொட்ட இடத்துக்குக் கொஞ்சம் மேலே, கல்லீரலின் வாயிலுக்குள், ஓரிரு சென்டிமீட்டர் அளவில் ஒளிந்திருக்கும்.

1965-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரால்ட் கிளாட்ஸ்கின் இப்படிப்பட்ட 13 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் அறுவை மருத்துவர் அல்ல, கல்லீரல் நோய்களைப் படித்தவர். சின்சினாட்டியில் வில்லியம் ஆல்ட்டமையர் குழுவினர் 1957-லேயே மூன்று பேரைப் பற்றிச் சொல்லியிருந்தாலும், கல்லீரல் வாயிலில் வரும் பித்தநாளப் புற்றுநோய்க்கு இன்றுவரை நிலைத்த பெயர் ‘கிளாட்ஸ்கின் கட்டி’தான். கட்டி சிறியது, மெதுவாக வளர்வது, தூரத்து உறுப்புகளுக்குத் தாமதமாகவே பரவுவது என்று அவர் எழுதினார். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் கட்டியின் பருமன் அல்ல, அது தேக்கிவைக்கும் பித்தம்தான் என்பதும் அவர் கண்டது. சிறிய கட்டி, மெதுவான வளர்ச்சி என்றால் வெட்டி எடுத்துவிடலாமே என்று தோன்றும். அந்த ‘எடுத்துவிடலாமே’ கைகூட இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

அந்த வழியைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. கத்தி கூர்மையானதால் வந்த மாற்றம் கொஞ்சம். கத்தி எடுப்பதற்கு முந்தைய சில வாரங்களைப் பயன்படுத்தக் கற்றதால் வந்த மாற்றமே பெரிது. ஆனால் எத்தனை வாரம் திட்டமிட்டாலும் மாறாத சில கணக்குகளும் இந்த நோயில் இருக்கின்றன.

அடைப்பு விழும் இடம்

கல்லீரலின் வலப்பாதியிலிருந்து ஒன்றும் இடப்பாதியிலிருந்து ஒன்றுமாக இரண்டு பித்தநாளங்கள் வந்து கல்லீரலின் வாயிலில் கூடுகின்றன. கூடிய நாளம் கீழே இறங்கி, பித்தப்பையின் குழாயைச் சேர்த்துக்கொண்டு, கணையத்தின் தலைப்பகுதி வழியாக முன்சிறுகுடலில் திறக்கிறது. ஆறுகள் கூடும் இடத்தில் தடுப்பு விழுந்தால் மேலே உள்ள கிளைகள் எல்லாம் ததும்பும், கீழே படுகை வறண்டு கிடக்கும். அன்றைய மருத்துவர் வயிற்றைத் திறந்து கண்டது அந்த வறண்ட படுகையைத்தான்.

இந்த வழியில் எங்கே கட்டி வருகிறது என்பதை வைத்து நோயை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: கல்லீரலுக்குள் வருவது, வாயிலில் வருவது, கீழே கணையத்தை ஒட்டி வருவது. பாதிக்கு மேல் வாயிலில் வருபவை. மூன்றுக்கும் அறுவை வேறு, ஆயுள் கணக்கும் வேறு. வாயிலில் வருவதுதான் மிகச் சிக்கல். அங்கே பித்தநாளத்துக்கு மிக நெருக்கமாகக் கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியும் போர்ட்டல் சிரையும் ஓடுகின்றன. கட்டி கொஞ்சம் வளர்ந்தாலே ரத்தக் குழாயைத் தொட்டுவிடும்.

ரத்தம் உறையாத காலம்

காமாலைக்காரர் உடம்பில் கத்தி வைக்க அன்றைய மருத்துவர்கள் அஞ்சியதற்கு முதல் காரணம் ரத்தப்போக்கு. குடலுக்குப் பித்தம் போகாவிட்டால் வைட்டமின் கே உடம்பில் சேராது. அது சேராவிட்டால் ரத்தம் உறையாது. டென்மார்க்கின் ஹென்ரிக் டாம் இந்த வைட்டமினுக்குப் பெயர் வைத்ததே 1935-ல்தான். அவரும் அமெரிக்காவின் எட்வர்ட் டாய்சியும் இதற்காக 1943-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார்கள்.

அதே 1935-ல் நியூயார்க்கின் ஆலன் விப்பிள், பித்தநாளம் குடலில் திறக்கும் இடத்தில் வந்த கட்டிகளுக்கு ஓர் அறுவையை வெளியிட்டார். கணையத் தலையையும் முன்சிறுகுடலையும் சேர்த்து எடுக்கும் அந்த அறுவை இரண்டு கட்டமாக நடந்தது. முதலில் வயிற்றைத் திறந்து, தேங்கிய பித்தத்துக்கு மாற்று வழி போட்டுவிட்டு மூடிவிடுவார்கள். சில வாரம் கழித்துக் காமாலை இறங்கியதும் மறுபடி திறந்து கட்டியை எடுப்பார்கள். வைட்டமின் கே கைக்கு வந்ததும் 1940-ல் விப்பிள் ஒரே கட்டமாகச் செய்யத் தொடங்கினார். காத்திருப்பது அன்று வேறு வழியின்றி ஏற்ற கட்டாயம். அது நீங்கியதை முன்னேற்றம் என்றே எல்லாரும் கருதினார்கள். அதில் தவறும் இல்லை.

கீழ்ப்பகுதிக் கட்டிகளுக்கு இன்றும் விப்பிள் அறுவைதான். அதன் பின்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1969 முதல் 1980 வரை இந்த அறுவை செய்துகொண்டவர்களில் 24 சதவீதம் பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். 1981 முதல் 1986 வரையிலான ஆண்டுகளில் அது 2 சதவீதமானது. 1993-ல் ஜான் கேமரன் குழுவினர் தொடர்ச்சியாக 145 விப்பிள் அறுவைகளை ஓர் இறப்பும் இல்லாமல் முடித்ததாக அறிவித்தார்கள். அறுவையின் அடிப்படை அதேதான். ஒரே இடத்தில், ஒரே குழு, மீண்டும் மீண்டும் செய்ததுதான் பெரிய வித்தியாசம்.

கல்லீரல் வாயிலில் கதை அவ்வளவு எளிதாக முடியவில்லை. 1954-ல் ஆஸ்திரேலியாவின் பிரவுன், மையர்ஸ் இருவரும் வாயில் கட்டி ஒன்றை வெட்டி எடுத்ததை எழுதினார்கள். ஆனாலும் பெரும்பாலோருக்கு அடுத்த இருபது ஆண்டுகளுக்கு நடந்தது கட்டிக்குள் ஒரு குழாயைச் செருகிப் பித்தத்தை ஓடவைப்பதுதான். தென்னாப்பிரிக்காவின் ஜான் டெர்ப்ளாஞ்ச் 1970-களில் பரப்பிய முறை ஒன்று உண்டு. ஆங்கில ‘யு’ எழுத்தைப் போல வளைந்த ரப்பர் குழாயின் ஒரு முனை கல்லீரலைத் துளைத்து வயிற்றின் மேல்பகுதியில் வெளியே வரும். மறுமுனை பித்தநாளம் வழியாகக் கீழே இறங்கித் தோலில் வேறு இடத்தில் வெளியே வரும். நடுப்பகுதியில் இருக்கும் துளைகள் கட்டிக்குள் பொருந்தியிருக்கும். குழாய் அடைத்துக்கொண்டால் புதிய குழாயைப் பழையதன் முனையில் கட்டி இழுத்து மாற்றிவிடலாம், மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டாம். இந்தக் குழாயோடு சில ஆண்டுகள் வாழ்ந்தவர்களும் உண்டு. கிளாட்ஸ்கின் சொன்ன மெதுவான வளர்ச்சிக்கு அவர்களே சாட்சி.

நாகோயாவில் நடந்தது

இந்த நோயில் அன்றையும் இன்றையும் ஒரே கூரையின் கீழ் பார்க்க வேண்டுமானால் ஜப்பானின் நாகோயா பல்கலைக்கழகத்துக்குத்தான் போக வேண்டும். யூஜி நிமூராவும் அவருக்குப் பின் மசாதோ நாகினோவும் நடத்திய அறுவைப் பிரிவு, 1977 முதல் 2010 வரை தங்களிடம் வந்த வாயில் கட்டி நோயாளிகளின் கணக்கை 34 ஆண்டுத் தொகுப்பாக 2013-ல் வெளியிட்டது. மொத்தம் 754 பேர். அவர்களில் 574 பேருக்குக் கட்டி வெட்டி எடுக்கப்பட்டது.

நிமூரா தொடங்கிய காலத்தில் பல இடங்களில் வழக்கமாக இருந்தது, நாளத்தை மட்டும் மேலும் கீழும் வெட்டி, குடலோடு இணைத்துவிடுவது. கல்லீரலைத் தொட மாட்டார்கள். கண்ணுக்குத் தெரிந்த கட்டி போய்விடும். ஆனால் இந்தப் புற்று நாளத்தின் உட்சுவருக்கு அடியிலும் நரம்பிழைகளை ஒட்டியும் கண்ணுக்குத் தெரியாமல் ஊர்ந்து போகும் குணம் கொண்டது. வெட்டிய விளிம்பில் செல்கள் மிஞ்சிவிடும். கட்டி அதே இடத்தில் திரும்பும். அதோடு கல்லீரலின் பின்புறத்தில் வால்மடல் என்றொரு சிறு பகுதி இருக்கிறது. அதன் மெல்லிய பித்தக் கிளைகள் நேராக வாயிலின் கூடலிலேயே வந்து திறக்கின்றன. கூடலில் கட்டி வந்தால் அந்தக் கிளைகள் தப்புவது அரிது. வால்மடலையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று நிமூரா குழு 1990-ல் வெளியிட்ட கட்டுரை வாதிட்டது. இன்று அது உலகம் முழுக்க ஏற்ற விதி.

நாளத்தோடு கல்லீரலின் ஒரு பாதியும் வால்மடலும் போக வேண்டும் என்றானதும் அடுத்த சிக்கல் வந்தது. வலப்பாதி பெரியது, அதை எடுத்தால் மிஞ்சுவது பலருக்கு மூன்றில் ஒரு பங்குதான். நல்ல கல்லீரலாக இருந்தால் அது போதும், மறுபடி வளர்ந்துகொள்ளும். மாதக்கணக்கில் பித்தம் தேங்கி, கிருமி பிடித்துக் களைத்த கல்லீரலால் முடியாது. அறுவை கச்சிதமாக முடிந்திருக்கும், தையல் ஒன்றும் விட்டிருக்காது. இரண்டு மூன்று வாரத்தில் கல்லீரல் செயலிழந்து நோயாளி இறந்துபோவார். நாகோயாவிலேயே 1990 வரையிலான காலத்தில் அறுவைக்குப் பின் இறந்தவர்கள் 11.1 சதவீதம்.

விடை ஜப்பானிலிருந்தே வந்தது. 1982-ல் மசாதோஷி மகூச்சி ஒரு காரியம் செய்தார். எடுக்கப்போகும் பக்கத்துக்குப் போகும் போர்ட்டல் சிரையை அறுவைக்குச் சில வாரம் முன்பே உள்ளிருந்து அடைத்துவிட்டார். குடலிலிருந்து வரும் சத்துள்ள ரத்தம் முழுவதும் மறுபக்கத்துக்குத் திரும்பியது. எடுக்கப்போகும் பாதி சுருங்கத் தொடங்கியது. மிஞ்சப்போகும் பாதி வளரத் தொடங்கியது. 14 வாயில் கட்டி நோயாளிகளின் அனுபவத்தை அவர் குழு 1990-ல் வெளியிட்டது. இன்று கல்லீரல் அறுவை நடக்கும் பெரிய மையங்கள் எல்லாவற்றிலும் இது அன்றாட வேலை. விப்பிள் கைவிட்ட இரண்டு கட்டம் இப்படி வேறு உருவில் திரும்பி வந்தது. இந்த முறை மருத்துவர்களே விரும்பி ஏற்ற காத்திருப்பு அது.

இன்றைய நான்கைந்து வாரங்கள்

இன்று இந்த நோயோடு ஒருவர் அனுபவமுள்ள மையத்துக்கு வந்தால் என்ன நடக்கிறது? முதலில் சி.டி. ஸ்கேனும், பித்தநாளங்களைப் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேனும். இவற்றைப் பித்தத்தை வடிக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். குழாய் உள்ளே போய்விட்டால் உப்பிய நாளங்கள் சுருங்கிவிடும், குழாயைச் சுற்றி அழற்சி வரும், கட்டியின் எல்லை எதுவென்று பிரித்தறிய முடியாது. 1975-ல் பிரான்ஸின் ஆன்ரி பிஸ்முத்தும் கோர்லெட்டும் வகுத்த நான்கு வகைகளில் கட்டி எதில் சேரும் என்று பார்ப்பார்கள். வலம், இடம் இரண்டு பக்கமும் ஆழமாகப் பரவிய நான்காம் வகை ஒரு காலத்தில் கைவிரிக்கும் வகை. இன்று தேர்ந்த மையங்கள் அதிலும் சிலருக்குக் கத்தி எடுக்கின்றன. ஐ.ஜி.ஜி.4 என்ற ரத்தப் பரிசோதனையும் உண்டு. புற்றுநோயே இல்லாமல், ஸ்டீராய்டு மாத்திரையில் அடங்கும் ஓர் அழற்சி, இதே உருவில் வந்து ஏமாற்றும். முன்பு அதற்காகவும் பாதிக் கல்லீரலை இழந்தவர்கள் உண்டு.

அடுத்தது பித்தத்தை வடிப்பது. 1970-களில் ஜப்பானியர் விலா இடுக்கு வழியாக மெல்லிய ஊசியைச் செலுத்திக் கல்லீரலுக்குள் குழாய் வைக்கும் முறையை வளர்த்தார்கள். நாகோயாவில் ஒருவருக்கே பல குழாய்கள் வைத்து, அதே வழியில் சிறு நோக்குக் கருவியை விட்டு, ஒவ்வொரு கிளையாகப் படம் எடுப்பார்கள். அந்தப் பொறுமைதான் வாயிலின் வரைபடத்தை உலகுக்குக் கொடுத்தது. அதில் ஒரு விலையும் இருந்தது. தோலைத் துளைத்த வழியில் புற்றுச்செல்கள் படிந்து, பின்னாளில் அங்கேயே கட்டி முளைத்தது. தங்கள் நோயாளிகளில் சுமார் 5 சதவீதம் பேருக்கு இப்படி ஆனதை அவர்களே கணக்கிட்டு 2010-ல் வெளியிட்டார்கள். அதன் பின் அங்கே எண்டோஸ்கோப்பி வழியாக நாளத்துக்குள் மெல்லிய குழாய் வைத்து, மறுமுனையை மூக்கு வழியாக வெளியே எடுக்கும் முறை முதன்மையானது.

மூக்கிலிருந்து இறங்கும் குழாய் படுக்கையோரம் தொங்கும் பைக்குள் போகிறது. பையில் நாள்தோறும் பல நூறு மில்லிலிட்டர் பித்தம் சேரும். முன்பு அதைக் கொட்டிவிடுவார்கள். நாகோயாவில் அதை நோயாளிக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். சிலருக்குக் குழாய் வழியாக, முடிந்தவர்கள் வாயால் குடிக்கவே வேண்டும். தன் பித்தத்தைத் தானே குடிப்பது எத்தனை கசப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பித்தம் போகாத குடலின் உட்சுவர் பலவீனப்பட்டு, கிருமிகள் ரத்தத்துக்குள் கசிய வழிவிடுகிறது. பித்தம் திரும்பினால் அந்தச் சுவர் தேறுகிறது. பித்தத்தை அவ்வப்போது பரிசோதனைக்கு அனுப்பி, அதில் எந்தக் கிருமி வளர்கிறது, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்பதையும் அறுவைக்கு முன்பே தெரிந்துவைத்துக்கொள்கிறார்கள்.

காமாலை இறங்கியதும் போர்ட்டல் சிரையை அடைப்பது. அதன் பின் இரண்டு முதல் நான்கு வாரம் காத்திருந்து, மிஞ்சப்போகும் கல்லீரல் எவ்வளவு வளர்ந்தது என்று சி.டி.யில் அளப்பது. போதுமான அளவு வந்தால்தான் தேதி. அறுவை பத்து மணி நேரத்தைத் தாண்டுவதும் உண்டு. வெட்டிய நாளத்தின் விளிம்பை அப்போதே உறையவைத்துச் சீவி நுண்ணோக்கியில் பார்த்து, புற்று இருந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டுகிறார்கள். தமனியைக் கட்டி பிடித்திருந்தால் அதையும் வெட்டி, நுண்ணோக்கியின் கீழ் இணைக்கிறார்கள்.

இவ்வளவு செய்ததற்குக் கிடைத்தது என்ன? நாகோயாவின் 11.1 சதவீத இறப்பு, தொகுப்பின் கடைசி ஐந்து ஆண்டுகளில் 1.4 சதவீதமாக இறங்கியது. ஐந்து ஆண்டு உயிரோடிருந்தவர்கள் 2000 வரை 23.1 சதவீதம், 2001-க்குப் பின் 38.1 சதவீதம்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. பித்தத்தை எப்படி வடிப்பது என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. நெதர்லாந்தில் விலா வழியையும் எண்டோஸ்கோப்பி வழியையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு பக்கமும் 27 பேர்; விலா வழியில் 11 பேரும் மறுவழியில் 3 பேரும் இறந்திருந்தார்கள். அது 2018-ல் வெளியான முடிவு. ஆயத்தம் என்று நாம் சொல்வதும் ஆபத்தில்லாத வேலை அல்ல. அதுவும் கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய சிகிச்சைதான்.

ஆயுளைச் சொல்லும் அறிக்கை

அறுவை முடிந்து பத்துப் பதினைந்து நாளில் நோயியல் அறிக்கை வரும். முன்பு நோயின் பெயரும் வகையும் தெரிந்தாலே போதும் என்றிருந்த அறிக்கை, இன்று பக்கக்கணக்கில் நீள்கிறது. நோயாளியின் எதிர்காலம் அதன் வரிகளில்தான் இருக்கிறது.

முதலில் வெட்டு விளிம்பு. மேல்முனை, கீழ்முனை, சுற்றுப்புறம் என்று எல்லா விளிம்பிலும் புற்று இல்லை என்றால் முதல் தடை தாண்டியாயிற்று. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையம் 2001-ல் வெளியிட்ட ஆய்வில் 225 வாயில் கட்டி நோயாளிகளில் 80 பேருக்குத்தான் கட்டியை எடுக்க முடிந்தது. நல்ல விளைவோடு சேர்ந்து வந்தவை மூன்று: சுத்தமான விளிம்பு, கல்லீரலின் பகுதியையும் சேர்த்து எடுத்தது, செல்களின் முதிர்ந்த அமைப்பு. முதல் இரண்டும் பெரிதும் மருத்துவர் கையில் இருப்பவை. மூன்றாவது கட்டி பிறக்கும்போதே கொண்டுவந்தது.

அடுத்து நிணநீர் முடிச்சுகள். நெறிகட்டிக்கொண்டது என்கிறோமே, அதே முடிச்சுகள்தான் பித்தநாளத்தை ஒட்டி வயிற்றுக்குள்ளும் வரிசையாக இருக்கின்றன. அவற்றுக்குள் புற்று போய்விட்டதா, எத்தனைக்குள் போயிருக்கிறது என்பது இந்த நோயின் தலையாய கேள்வி. இன்றைய வகைப்பாட்டில் ஒன்று முதல் மூன்று வரை ஒரு படி, நான்கும் அதற்கு மேலும் அடுத்த படி. நாகோயாவின் 574 பேரிலும் ஆயுளைத் தீர்மானித்தவற்றுள் மிக வலுவானது முடிச்சுகளின் நிலைதான். விளிம்பு சுத்தம், முடிச்சில் புற்று இல்லை, தூரப் பரவல் இல்லை என்ற மூன்றும் அமைந்தவர்களில், 2001-க்குப் பின் அறுவை செய்துகொண்டவர்களில் 67.1 சதவீதம் பேர் ஐந்து ஆண்டைத் தாண்டினார்கள். அதே மேசை, அதே கைகள்; முடிச்சு வேறாக இருந்தவர்களுக்கு அந்தக் கணக்கு கிட்டவில்லை.

இன்னும் சில வரிகள் உண்டு. நரம்பிழைகளையும் சிறு ரத்தக் குழாய்களையும் புற்று சுற்றியிருக்கிறதா? கட்டி நாளத்துக்குள் பூப்போல விரிந்து வளரும் வகையா, சுவருக்குள் இறுகிப் பரவும் வகையா? முன்னது அபூர்வம், விளைவு மேல். கீழ்ப்பகுதிக் கட்டியாக இருந்தால் சுவருக்குள் எத்தனை ஆழம்? 5 மில்லிமீட்டர், 12 மில்லிமீட்டர் என்று படிகள் வைத்து அளக்கிறார்கள். சிஏ 19-9 என்ற ரத்தக் குறியீடு பலரைத் தேவைக்கு மேல் கலங்கவைக்கிறது. புற்று இல்லாத வெறும் அடைப்பிலும் அது ஏறும். காமாலை இறங்கிய பின் எடுத்த அளவுக்குத்தான் மதிப்பு.

இந்த அறிக்கையைக் கையில் வைத்துப் பார்த்தால் நாற்பது ஆண்டு உழைப்பின் எல்லை தெரிகிறது. காத்திருந்த வாரங்கள் மேசையிலும் வார்டிலும் நேர்ந்த இறப்புகளைக் குறைத்தன, விளிம்பைச் சுத்தமாக்கின. முடிச்சுக்குள் ஏற்கெனவே போய்விட்ட செல்லை அவை திரும்ப அழைக்கவில்லை.

மாற்றுக் கல்லீரலும் மருந்தும்

வெட்டி எடுக்க முடியாத கட்டிக்குக் கல்லீரலையே மாற்றினால் என்ன? மாற்று அறுவை பரவிய 1980-களில் இதைச் செய்து பார்த்தார்கள். 2000-ல் வெளியான ஒரு தொகுப்பில் 207 பேரின் விவரம் இருக்கிறது: ஐந்து ஆண்டு வாழ்ந்தவர்கள் 23 சதவீதம், பாதிப் பேருக்கு நோய் திரும்பியது. கிடைப்பதற்கரிய உறுப்பை இப்படிச் செலவழிக்கலாமா என்ற கேள்வி எழுந்து, பல நாடுகளில் இந்த வழி மூடப்பட்டது.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1993-ல் அதை வேறு விதமாகத் திறந்தது. 3 சென்டிமீட்டருக்கு மிகாத கட்டி, முடிச்சில் பரவல் இல்லை, வயிற்றுச் சுவர் வழியாகக் கட்டியில் ஊசி குத்தியிருக்கக் கூடாது என்பவை நிபந்தனைகள். முதலில் கதிர்வீச்சும் கீமோவும். பிறகு காத்திருப்பு. மாற்றுக்கு முன் வயிற்றைத் திறந்து பார்த்து, பரவல் இருந்தால் கைவிடுவது. 12 மையங்களின் 287 நோயாளிகளைச் சேர்த்து 2012-ல் வெளியான முடிவில், மாற்று அறுவை செய்துகொண்டவர்களில் 65 சதவீதம் பேர் ஐந்து ஆண்டு நோய் திரும்பாமல் இருந்தார்கள். 23 எங்கே, 65 எங்கே! ஆனால் 71 பேர் மாற்று அறுவைக்கு முன்பே விலக நேர்ந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தொடங்கிய எல்லாரையும் கணக்கில் எடுத்தால் ஐந்து ஆண்டு வாழ்ந்தவர்கள் 53 சதவீதம். காத்திருப்புக்கு இங்கே இன்னொரு வேலையும் உண்டு: பரவும் குணமுள்ள கட்டியை அது முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறது.

மருந்தில் முன்னேற்றம் மெதுவானது. அறுவை செய்ய முடியாதவர்களுக்கு ஜெம்சிடபின் என்ற கீமோ மருந்தோடு சிஸ்பிளாட்டினைச் சேர்த்ததால் இடைநிலை வாழ்நாள் 8.1 மாதத்திலிருந்து 11.7 மாதமானது என்று 2010-ல் 410 பேரைக் கொண்ட பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. அறுவைக்குப் பின் தரும் மருந்துக்கான வலுவான சான்று ஜப்பானிலிருந்து 2023-ல் வந்தது. எஸ்-1 என்ற கீமோ மாத்திரை எடுத்தவர்களில் மூன்று ஆண்டு வாழ்ந்தவர்கள் 77.1 சதவீதம், எடுக்காதவர்களில் 67.6 சதவீதம். குறிப்பிட்ட மரபணு மாற்றங்களைக் குறிவைக்கும் மாத்திரைகள் 2020 முதல் வந்திருக்கின்றன. அவை பெரும்பாலும் கல்லீரலுக்குள் வரும் வகைக்கே பொருந்துகின்றன.

காமாலைக்கு முன்

நம் வீடுகளில் காமாலை என்றால் கீழாநெல்லி, பத்தியச் சாப்பாடு, ஒரு மாதப் பொறுமை. வைரஸ் காமாலை பெரும்பாலும் தானே இறங்கிவிடும் என்பதால் அந்தப் பொறுமை பலிக்கிறது. நடுவயதைத் தாண்டியவருக்கு வலியோ காய்ச்சலோ இல்லாமல் காமாலை ஏறிக்கொண்டே போய், அரிப்பும் மலம் வெளுப்பதும் சேர்ந்தால் அந்தப் பொறுமை கூடாது. முதல் வாரத்திலேயே அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும். நாளம் உப்பியிருந்தால் ஸ்டென்ட் என்னும் குழாயை வைக்க அவசரப்படுவதற்கு முன் சி.டி., எம்.ஆர்.சி.பி. எடுத்தாயிற்றா, இந்த அறுவையை வழக்கமாகச் செய்யும் குழு படத்தைப் பார்த்ததா என்று குடும்பத்தார் கேட்கலாம், கேட்க வேண்டும். முதல் குழாய் எங்கே, எப்போது, யார் கையால் வைக்கப்படுகிறது என்பது பின்னால் வரும் எல்லாவற்றையும் பாதிக்கிறது.

ஆனால் காமாலை வந்த பிறகு ஓடுவதும் தாமதம்தான் என்பதை இந்த நோய் உலகிலேயே மிக அதிகமாக உள்ள இடம் சொல்கிறது. அது தாய்லாந்தின் வடகிழக்கு, ஈசான் பகுதி. அங்கே ஆற்று மீனைப் பச்சையாகக் கொத்தி, காரம் சேர்த்துச் செய்யும் கொய் பிளா பிரியமான உணவு. மீனோடு உள்ளே போகும் ஒரு தட்டைப்புழு பித்தநாளத்தில் குடியேறி ஆண்டுக்கணக்கில் அழற்சியை உண்டாக்குகிறது. இந்தப் புழு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-ல் உறுதிசெய்தது. புழுவைப் பிரசிகுவாண்டல் மாத்திரை கொன்றுவிடும். மீனை வேகவைத்தால் மாத்திரையே வேண்டாம். பழக்கம் அவ்வளவு லேசில் மாறுவதில்லை; மாத்திரை இருக்கிறதே என்று பச்சை மீனுக்குத் திரும்புகிறவர்களும் உண்டு.

கோன் கேன் பல்கலைக்கழகத்தில் நரோங் குந்திகேயோ என்ற அறுவை மருத்துவரும் அவர் சகாக்களும் 2013-ல் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். அல்ட்ராசவுண்ட் கருவிகளை எடுத்துக்கொண்டு கிராமங்களுக்குப் போய், நோயறிகுறி எதுவும் இல்லாதவர்களின் கல்லீரலைப் பார்ப்பது. மலப் பரிசோதனையில் புழு இருந்தால் மருந்து கொடுப்பது. பள்ளிப் பிள்ளைகளிடம் பச்சை மீனைப் பற்றிப் பேசுவது. அறுவை அறையில் தாமதமாக வந்தவர்களையே பார்த்துச் சலித்தவர்கள் எடுத்த முடிவு இது.

கிளாட்ஸ்கின் காலத்தில் மருத்துவர்கள் கட்டியைக் கண்டுபிடிக்கவே தடுமாறினார்கள். நிமூராவும் மகூச்சியும் அதை எடுக்கவும், எடுத்த பின் நோயாளி பிழைக்கவும் வழி செய்தார்கள். இனி மிச்சமிருப்பது முடிச்சுக்குள் புற்று போவதற்கு முன்பே ஆளைக் கண்டுபிடிப்பது. ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஈசானில் அதற்கான வேலை தொடங்கிவிட்டது. பித்தநாளக் கல், பிறவியிலேயே விரிந்த பித்தநாளம், நாளங்களை இறுக்கும் நாட்பட்ட அழற்சி என்று ஆபத்து இன்னாருக்கென்று தெரிந்த பிற இடங்களிலும் அதே வேலையைச் செய்யலாம். நாகோயாவின் 67 சதவீதம் அப்படிக் கண்டெடுக்கப்படுகிறவர்களுக்காகத்தான் காத்திருக்கிறது.